சம்பந்தி அடித்த நாலு கோல்

என் அப்பா ஐம்பத்தெட்டு வயதில் கால்பந்து ஆடினார் என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் புருஷன் வீடு திரும்பியதே அந்தப் பந்தால்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட நான், தலைப்பிரசவத்துக்கு விழுப்புரம் வந்திருந்தேன். பையன் பிறந்தான். பெயர் வைக்கும் நாளுக்கு அப்பா நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து என் மாமனாரை அழைத்திருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஒரு போஸ்ட் கார்டு போட்டார். சம்பந்திக்குப் போஸ்ட் கார்டு! மாமனார் வரவில்லை. மூன்றாம் மாதம் என்னையும் பிள்ளையையும் அழைத்துப்போகவும் வரவில்லை. ஐந்தாம் மாதமும் போயிற்று. அவர்கள் அழைக்காமல் நானாகக் கிளம்பிப் போகவும் முடியாது. என் வீட்டுக்காரர் அவர் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். கடிதத்தில் மட்டும் உருகுவார். எனக்கு எல்லோர் மேலும் கோபம்.

"ஏம்பா நேர்ல போகல?" என்று கேட்டால் அப்பா மோட்டுவளையைப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் கால்பந்து கிளப், ஐம்பது தாண்டியவர்களுக்கென்று காலைப் பயிற்சி ஆரம்பித்தது. கிளப் தலைவர் ஒரு டாக்டர். சர்க்கரை, பி.பி. என்று தன்னிடம் வந்தவர்களையெல்லாம் மாத்திரையும் கொடுத்து மைதானத்துக்கும் விரட்டிவிட்டார். அப்பா அப்படிப் போனவர்தான். அங்கே யாரும் ஓடக் கூடாது. நடந்துதான் ஆட வேண்டும், ஓடினால் விசில். பி.பி. பார்த்த பிறகுதான் யாரையும் உள்ளே விடுவார்கள். அப்பாவின் தொப்பையைப் பார்த்ததும் பாதி கோல் அடைபட்டுவிடும் என்று அவரைக் கோல் கீப்பர் ஆக்கினார்கள்.

திண்டிவனத்திலும் இதே மாதிரி ஒரு கிளப் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு ஊருக்கும் பந்தயம் வைத்தார்கள். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன். பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக, அரை டிராயரும் கழுத்தில் துண்டுமாக இறங்கிய அவர்கள் கேப்டனைப் பார்த்ததும் அவசரமாகத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். என் மாமனார்! அந்தக் கால்களை அதுவரை வேட்டிக்கு வெளியே நான் பார்த்ததில்லை. அவர் பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா என்னிடம் ஓடிவந்தார். "இதாம்மா சான்சு. அவரு மனச குளிர வெச்சிடறேன் பாரு."

ஆட்டம் தொடங்கியது. மாமனார் பந்தை உருட்டிக்கொண்டு கோலை நெருங்கினார். அப்பா ஒதுங்கி நின்று கைகூப்பினார். "வாங்க சம்பந்தி!" பந்து உள்ளே போயிற்று. இரண்டாவது முறை, "வாங்க, வாங்க." மூன்றாவது முறை உள்ளே வழிகாட்டிக் கையையும் நீட்டினார். நாலாவது கோலுக்கு எங்கள் ஆட்களே அப்பாவைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமனார் மனம் குளிர்ந்தாரா? முகம் மிளகாய்ப்பழம் போலச் சிவந்துவிட்டது. "இன்னாங்க, என்னைப் பாத்தா கேலியா இருக்குதா? அன்னிக்குப் போஸ்ட் கார்டு, இன்னிக்குப் பிச்சையா?"

போச்சுடா என்று இருந்தது எனக்கு. இனி ஜென்மத்துக்கும் என்னை அழைக்க மாட்டார்கள். ஆத்திரத்தில், மாமனார் நிற்கிறார் என்பதைக்கூட மறந்து, "யப்பா! புடிப்பா!" என்று கத்தினேன். பிள்ளை வீரிட்டு அழுதது.

மாமனார் மறுபடி வந்தார். இந்த முறை ஓடியே வந்தார். விசில் ஊதினார்கள், யார் கேட்டார்கள்? அப்பா கண்ணை மூடிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். பந்து தொப்பையில் மோதியது, பந்துக்குப் பின்னால் மாமனாரும் மோதினார். இருவரும் புழுதியில் உட்கார்ந்துவிட்டார்கள். பதறிப்போய் நானும் டாக்டரும் ஓடினோம்.

மூச்சு வாங்கிக்கொண்டே அப்பா சொன்னார்: "சம்பந்தி, எனக்குச் சுகருங்க. அரை மணிக்கு ஒரு தபா ஒண்ணுக்குப் போவணும். திண்டிவனம் வரிக்கும் பஸ்சுல அடக்கிக்கினு உக்கார முடியாதுங்க. அதான் கார்டு போட்டேன்."

"அதையும் கார்டுல எழுத வேண்டியதுதானே?"

"போஸ்ட்மேன் படிப்பாருங்களே!"

மாமனார் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் சுகருதாங்க. இப்ப வர்றச்சே கூட்டேரிப்பட்டு தாண்டறதுக்குள்ள ரெண்டு தபா பஸ்ஸ நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர்கிட்ட பேஜாராப் போச்சு."

வேட்டியை மடித்துக் கட்டியிருந்த அப்பா இடுப்பு மடிப்பைத் துழாவினார். கசங்கிய வெற்றிலை இரண்டும் ஒரு கொட்டைப்பாக்கும் வந்தன. உட்கார்ந்தபடியே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து விரித்து, அதில் வைத்து நீட்டினார். "பேரனுக்குப் பேர் வெச்சிருக்கோம். நீங்க அவசியம் வரணும்."

மாமனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நேர்ல கூப்புட்டா வராம இருப்பனா?" என்றவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பிள்ளையைக் கொடுத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை அவர் பனியனை நனைத்தது. "இவனுக்கும் சுகரா?" என்று டாக்டரைக் கேட்டார்.

அந்தப் புதன்கிழமையே வந்து அழைத்துப்போனார்கள்.

ஆனால் அந்த நாலு கோல் மட்டும் மாமனாரை உறுத்திக்கொண்டே இருந்தது. "அதெல்லாம் கணக்குல வராது. நியாயமா ஒண்ணாவது போடணும்" என்று வாராவாரம் விழுப்புரம் கிளம்பிவிடுவார். பேரனை விட்டுவிட்டுப் போக மனசு வராது, அதனால் என்னையும் கூட்டிக்கொள்வார். தெருவில் மற்ற மருமகள்களுக்கெல்லாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பிறந்த வீடு. எனக்கு ஞாயிறுதோறும். ஆனால் அப்பா ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. உருண்டார், புரண்டார், ஒருமுறை பல்லைக்கூட உடைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, "பாவம்ப்பா அவரு, ஒரே ஒரு கோல் விட்டுக் குடுத்துடேன்" என்றேன்.

அப்பா முழங்கால் சிராய்ப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "போட்டுட்டார்னா, அப்பறம் உன்னை யாரு இட்டுக்கினு வருவாங்க?"