பொழுது சாய்வதற்குள் ஒரு தட்டு மீன்

விழுப்புரத்தில் எங்கள் தெரு முனையில் நாய், பூனைகளுக்கான தீனிக்கடை ஒன்று வந்திருக்கிறது. என் மகள் ஒரு பூனை வளர்க்கிறாள். அதற்குப் பாக்கெட் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். கல்லாவில் இருந்த பெண், "எத்தன வயசு சார்?" என்றார். "ஐம்பத்து நாலு" என்றேன். அவர் சிரிக்காமல், "பூனைக்கு சார்" என்றார்.

அலமாரியைப் பார்த்த பிறகுதான் கேள்வியின் நியாயம் புரிந்தது. குட்டிக்கு ஒரு பாக்கெட், வளர்ந்ததற்கு ஒன்று, பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்று, ஏழு வயதைத் தாண்டியதற்கு ஒன்று. நாய்களுக்கு இன்னும் நுணுக்கம். சின்ன ஜாதி, பெரிய ஜாதி, மூட்டு வலி வந்த கிழட்டு நாய் என்று தனித்தனி அடுக்குகள். பத்திரிகை அலுவலகத்தில் டெண்டர் விளம்பரம் வரைக்கும் பிழை திருத்தியவன் நான். அச்சில் எதைக் கண்டாலும் கடைசி எழுத்து வரை படிக்காமல் கீழே வைக்க முடியாது. பாக்கெட்டின் பின்பக்கம், பொடி எழுத்துகளுக்கு நடுவில், டாரின் என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது திண்டிவனத்தில், ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் நடுவே நின்றுகொண்டு.

வீட்டுக்கு வந்து பாக்கெட்டைப் பிரித்ததும் கருவாட்டு வாசனை வந்தது. நான் பிறந்து வளர்ந்த காணையில் எங்கள் வீட்டு நாய்க்குப் பண்டிகை நாள் என்றால் கருவாட்டுத் தலைதான். மற்ற நாளெல்லாம் கேப்பைக் கூழ். வயதுக்கேற்ற உணவு என்ற பேச்சுக்கே இடமில்லை. குட்டியாக இருந்தபோதும் கூழ், வளர்ந்த பிறகும் கூழ், பல் போனபோது அதே கூழில் தண்ணீர் கொஞ்சம் அதிகம். அது நன்றாகவே வாழ்ந்தது. அதனால், வீட்டில் நாம் சாப்பிடுவதைப் பிரியமாகப் போட்டால் எந்தப் பிராணியும் பிழைத்துக்கொள்ளும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். விமலாம்மாவும் அப்படித்தான் நம்பினார்.

விமலாம்மா, திண்டிவனத்தில் நான் குடியிருந்த வீட்டுக்காரர். நிருபர் வேலையில் சேர்ந்த புதிது. அவர்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறை எனக்குக் கிடைத்தது. அவருடைய கணவர் ஜம்புகுமாரன் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். தமிழ்ச் சமணக் குடும்பம். ஊரில் நயினார் வீடு என்பார்கள். புலால் கிடையாது, முட்டை கிடையாது, வெங்காயமும் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் பூச்சி விழுந்து செத்துவிடும் என்பதால், இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அறையைக் காட்டியபோது விமலாம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். "வெளிய என்னா வேணா சாப்புடுங்க தம்பி. உள்ள எடுத்துக்கினு வராதீங்க." நான் அதை மீறியதில்லை. பேருந்து நிலையத்தில் செய்திக் கவரைச் சென்னை வண்டி நடத்துநரிடம் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த கடையில் பிரியாணி சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் வீட்டுக்கு வருவேன்.

அந்த வீட்டில் ஒரு பூனை இருந்தது. மல்லாட்டைத் தோலின் நிறம், பெயரும் மல்லாட்டைதான். மண்டியில் எலிக்காகப் பூனைகளை விட்டு வைப்பார்கள். சோறு போட மாட்டார்கள். வயிறு நிறைந்தால் வேட்டைக்குப் போகாது என்று எண்ணம். ஒரு நாள் மூட்டை அடுக்கு சரிந்து தாய்ப்பூனை செத்துப்போனது. கண் திறந்து சில நாளே ஆன குட்டியை ஜம்புகுமாரன் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். "அங்க இருந்தா எலி புடிக்கும். இங்க இருந்தா அந்தப் பாவம் அதுக்கு வேணாமே" என்பது அவர் சொன்ன காரணம்.

விமலாம்மா பசும்பாலில் பஞ்சை நனைத்து அதற்குப் புகட்டினார். வயிற்றோட்டம் கண்டது. பாலில் தண்ணீர் கலந்து புகட்டினார். எப்படியோ தேறியது. பிறகு பால் சோறு, பருப்புச் சோறு, மாலையில் தயிர்ச் சோறு, வெள்ளிக்கிழமையில் நெய். பல்லியைப் பார்த்து உடம்பைச் சுருக்கினால்கூட ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வார். "ஒரு உசுரக்கூடத் தொடாத பூனை தம்பி" என்று ஜம்புகுமாரன் வந்தவர்களிடமெல்லாம் காட்டுவார்.

அந்தப் பூனைக்கு என்மேல் தனிப் பிரியம் என்று நான் நினைத்திருந்தேன். மாடிப்படியில் எனக்காகக் காத்திருக்கும். உட்கார்ந்ததும் என் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நக்கும். நகக்கண் வரை நாக்கை நீட்டித் தேடும். பூனைகளைக் கவரும் ஏதோ ஒரு குணம் என்னிடம் இருப்பதாக நண்பர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். சோப்புக்கும் தப்பிய பிரியாணிதான் அந்தக் குணம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது சாமான்களை இடம் மாற்றினார்கள். கூடத்தின் மூலையில் இருந்த அரிசி டிரம்மை நடுவழியில் வைத்திருந்தார்கள். மல்லாட்டை சமையலறையிலிருந்து வழக்கமான வேகத்தில் வந்து அதன்மேல் முட்டியது. பின்வாங்கி, மறுபடியும் வந்து முட்டியது. வெள்ளையடிக்க வந்தவர் சிரித்தார். விமலாம்மாவும் முதலில் சிரித்தார். நான் பூனையைத் தூக்கி வாசல் வெயிலுக்குக் கொண்டு போனேன். நடுப்பகல். வெயிலில் கோடாகச் சுருங்க வேண்டிய கண்மணிகள் இரண்டும் கறுப்பாக, வட்டமாக விரிந்தே இருந்தன. முகத்துக்கு நேரே விரலை ஆட்டினேன். அது விரலைப் பார்க்கவில்லை. வாசனை பிடித்து நக்க வந்தது. சாமான் நகராத வீட்டில் நடந்து பழகியிருந்ததால், எப்போது பார்வை போனது என்றே யாருக்கும் தெரியவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்குக் கூடையில் வைத்துக் கொண்டு போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆடுகளும் ஒரு சினை மாடும். "பூனைக்கெல்லாமா டாக்டரு? பேஜாருதான்" என்றார் ஆட்டுக்காரர் ஒருவர். விமலாம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் இளம்பெண். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"என்னம்மா குடுக்கறீங்க இதுக்கு?"

விமலாம்மா வரிசையாகச் சொன்னார். நெய்யையும் விடவில்லை.

"மீனு, கறி?"

"டாக்டரம்மா, நாங்க நயினாருங்க."

"நீங்க நயினாருங்கம்மா. இது பூனை."

அதில் கிண்டல் இல்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றை நான் வழக்கம்போல மனத்துக்குள் செய்தியாகவே எழுதிக்கொண்டேன். இறைச்சியிலும் மீனிலும் டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. நாயின் உடம்பு பெரும்பாலும் அதைத் தானே செய்துகொள்ளும். அதனால் நாய் கூழிலும் சோற்றிலும் ஒருவாறு காலத்தை ஓட்டிவிடும். பூனையின் உடம்புக்கு அது போதிய அளவு செய்யத் தெரியாது. வளரும் பருவத்திலிருந்தே கிடைக்காவிட்டால் முதலில் கண் கெடும், பிறகு இதயம். "கண்ணு திரும்பாதும்மா. இதயம் இப்பதான் தளர ஆரம்பிச்சிருக்கு. நாளையிலருந்து குடுத்தீங்கன்னா நின்னுடும்." மாத்திரை உண்டா என்று நான் கேட்டேன். இங்கே கிடைக்காது என்றார். சென்னையில் விற்கும் டப்பாத் தீனியிலும் மீன்தான் என்றார். வேகவைத்துக் கொடுங்கள், உப்பு வேண்டாம், வெங்காயம் ஆகவே ஆகாது என்றார். "வெங்காயம் எங்க வூட்டுலயே கெடையாதுங்க" என்றார் விமலாம்மா. அந்த ஒரு நல்லதையாவது செய்திருக்கிறோம் என்பது போலிருந்தது அவர் குரல்.

ஜம்புகுமாரன் செய்தியைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "மண்டிலயே வுட்டிருந்தா எலியத் தின்னுக்கினு கண்ணோட இருந்திருக்குமே."

"இப்ப அதச் சொல்லி இன்னா ஆவுது?" என்றார் விமலாம்மா. 

மறுநாள் மாலை விமலாம்மா கூடையோடு பின்தெருவுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த லூர்து அக்கா வீட்டுக்கு. நானும் கூடப் போனேன். வாசலில் இவரைப் பார்த்த லூர்து அக்கா, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னாம்மா அதிசயம்! எங்க வூட்டத் தாண்டறப்ப மூக்கப் பொத்திக்கினு போவீங்க. இன்னிக்கு நீங்களே வந்து நிக்கிறீங்க?" விமலாம்மா விஷயத்தைச் சொன்னார். லூர்து அக்காவின் சிரிப்பு நின்றது. கூடைக்குள் கையை விட்டுப் பூனையின் தலையைத் தடவினார். "கொண்டாங்க. ஒரு கைப்பிடி காரப்பொடி வேக வெக்க எனக்கின்னா கஷ்டம்?" காரப்பொடி என்பது விரலளவு சின்ன மீன், மரக்காணம் பக்கமிருந்து வருவது.

அன்று முதல் அது வழக்கமாயிற்று. பொழுது சாய்வதற்குச் சற்று முன் விமலாம்மா கூடையோடு போவார். லூர்து அக்கா முற்றத்தில் தட்டு வைப்பார். பூனையைத் தட்டருகே இறக்கிவிட்டு, விமலாம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். மெல்லும் சத்தம் நின்றதும் ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்து வீட்டுக்குத் தூக்கி வருவார். பூனை சீக்கிரமே தேறியது. முதுகில் மினுமினுப்பு வந்தது. என் விரல்களை அது தேடுவது நின்றது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

இளைத்தது விமலாம்மாதான். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியதை நான் கவனித்தேன். காரணத்தை ஜம்புகுமாரன் ஒரு நாள் மாடிக்கே வந்து சொன்னார். "பூனை மீன் துன்ன ஆரம்பிச்ச நாள்லருந்து அவ சாயங்காலம் சாப்புடறத வுட்டுட்டா தம்பி. விரதம்னு சொல்றா. ஒரு வேளைச் சாப்பாடுதான். நீங்க நாலு பேருகிட்ட பேசற ஆளு. சொல்லிப் பாருங்க."

நாலு பேரிடம் பேசுகிறவன் சொன்னேன். லூர்து அக்கா வீட்டில் எப்படியும் மீன் வாங்கத்தானே செய்கிறார்கள், நீங்களா கொல்கிறீர்கள் என்று என் வாதத்தை வைத்தேன். விமலாம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அவங்களுக்கு வாங்கறது அவங்களோட போவுது. இதுக்குன்னு ஒரு பிடி சேத்து வாங்கறாங்களே, அது என்னால. பூனை மேல குத்தம் இல்ல தம்பி. அது அப்படிப் பொறந்துடுச்சு. நான் அப்படிப் பொறக்கலயே."

நான் படியேறி என் அறைக்குப் போனேன். 

அந்தக் கோடையில் ஒரு மாலை, கூடையோடு போகும் வழியில் விமலாம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த லூர்து அக்காதான் பார்த்துத் தண்ணீர் தெளித்துக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். செய்தி கேட்டு ஜம்புகுமாரனும் நானும் ஓடினோம். அங்கே போன பிறகுதான் ஜம்புகுமாரன் வாயிலிருந்து விரதத்தின் காரணம் லூர்து அக்காவுக்குத் தெரிந்தது. அவருக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஓஹோ, என் கை மீனுக்கு நீங்க பட்டினி கெடக்கறீங்களா? அப்ப நான் யாரு? பாவத்த ஆக்கிப் போடறவளா? சாப்டாம வந்தீங்கன்னா இனிமே தட்டு வெக்க மாட்டேன்."

"லூர்து, அது பசியா இருக்குது."

"நீங்களும்தான் பசியா இருக்கறீங்க."

கூடைக்குள் மல்லாட்டை கத்திக்கொண்டிருந்தது. வந்ததும் அடுப்பில் ஏற்றியிருந்த மீனின் வாசனை முற்றம் முழுக்க இருந்தது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஜம்புகுமாரன் வாயைத் திறந்தார். லூர்து அக்கா, "நீங்க சும்மா இருங்கய்யா" என்றார். அவர் சும்மா இருந்தார். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். இருட்டிய பிறகு விமலாம்மா சாப்பிட மாட்டார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

விமலாம்மா கடைசியில் கணவரைப் பார்த்து, "வூட்டுல சோறு இருக்குதா?" என்றார். ஜம்புகுமாரன் அந்த வேகத்தில் நடந்து நான் பார்த்ததில்லை. தூக்குச் சட்டியில் தயிர்ச் சோறு வந்தது. மீன் வெந்த வீட்டு முற்றத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, விமலாம்மா சாப்பிட்டார். அவர் முதல் கவளத்தை வாயில் வைத்த பிறகுதான் லூர்து அக்கா பூனைக்குத் தட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு அப்படித்தான் நடந்தது. விமலாம்மா ஒரு கையில் கூடையும் ஒரு கையில் தூக்குமாகப் போவார். விரதத்தை முழுதாக விடவில்லை. நெய்யையும் இனிப்பையும் விட்டுவிட்டதாக ஜம்புகுமாரன் சொன்னார். அடுத்த ஆண்டு எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. எப்போதாவது திண்டிவனம் போனால் பார்ப்பேன். மல்லாட்டை கண் தெரியாமலே வயதானது. பல் விழுந்தது. லூர்து அக்கா முள் எடுத்து, மீனை விரலால் மசித்து வைக்க ஆரம்பித்தார். பிறகு அது தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மண்டிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்ததாகச் சொன்னார்கள். பூனை போன பிறகும் விமலாம்மா தூக்கோடு அந்த முற்றத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார் என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு செய்திக்காகப் போனபோது நயினார் வீடு பூட்டியிருந்தது. ஜம்புகுமாரன் காலமாகியிருந்தார். விமலாம்மாவை மகன் சென்னைக்கு அழைத்துப் போய்விட்டான். பின்தெருவுக்குப் போனேன். லூர்து அக்கா முற்றத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணி ஆறுகூட ஆகவில்லை.

"என்னக்கா, இந்த நேரத்துலயே சாப்பாடு?"

"அம்மா கூட ஒக்காந்து ஒக்காந்து பழகிப்போச்சு தம்பி. இருட்டிட்டா எனக்கும் எறங்க மாட்டேங்குது" என்றார். தட்டில் மீன் குழம்பு இருந்தது. முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

இப்போது லூர்து அக்காவும் இல்லை. அந்த முற்றம் இருந்த இடத்தில் ஒரு தங்கும் விடுதியின் கார் நிறுத்தம் இருக்கிறது. விமலாம்மா என்ன ஆனார் என்று தெரியவில்லை. கிண்ணத்தில் நான் கொட்டிய தீனியை மகளின் பூனை சீக்கிரம் தின்று முடித்து, மீசையை நக்கிக்கொண்டது. பாக்கெட்டில் போட்டிருந்த எல்லாச் சத்தும் அதற்குள் போயிருக்கும். அது தின்றபோது வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவரும் பக்கத்தில் உட்காரவில்லை. ஜன்னலில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகவில்லை என்று மனைவி சொன்னாள். நான் எனக்கு மட்டும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு பூனையின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.