வண்டி தினமும் எங்க ஓடுது?

என் அக்கா புருஷனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய பிக்கப் வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மனிதர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "வந்துட்டியா பாப்பா" என்பார், நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விடுவார். வண்டியோடு மட்டும் பேசுவார். ஏற்றம் வந்தால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "இன்னும் கொஞ்சந்தான், இழு இழு" என்று கெஞ்சுவார். அக்காவுக்கு இதில் வயிற்றெரிச்சல் உண்டு. "என்னக் கட்டினதுக்கு அதையே கட்டியிருக்கலாம்" என்பாள்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு மரச்சாமான் கிடங்கில் அவருக்கு வேலை. கட்டில், பீரோ, சோபா என்று வாங்கியவர் வீடுவரை கொண்டுபோய் இறக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கிடங்கு, அதே வேலை. ஒரு பீரோவில்கூடக் கீறல் விழ விட்டதில்லை என்று அக்காதான் அவருக்காகத் தம்பட்டம் அடிப்பாள்.

அந்தக் கிடங்கைப் போன மழைக்கு முன்பே மூடிவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாது. மாமா சொல்லவில்லை. காலையில் குளித்து, சட்டை மாற்றி, வழக்கம்போல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பூட்டிய கிடங்குக்கு எதிரே உள்ள பொட்டலில் நிறுத்திவிட்டு, யாராவது லோடு கேட்டு வருவார்களா என்று பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். எப்போதாவது யாராவது வருவார்கள். பல நாள் ஒருவரும் வரமாட்டார்கள். வீட்டில் கேட்டால், முதலாளி காசை இழுத்தடிக்கிறார் என்பார். அக்கா தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அந்த முதலாளியைக் கரித்துக்கொட்டுவாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஆளுக்கு ரோஷமே இல்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா, டயரின் பக்கவாட்டில் பித்தவெடிப்பு மாதிரி கோடு கோடாக வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், வீட்டை இரண்டாக்கிவிட்டாள்.

"லோடோட போறப்ப வெடிச்சா என்ன ஆகும்? ஓடி ஓடி இப்படி ஆயிருக்கு. மாத்திடுவோம்."

"இன்னும் ஓடும்" என்றார் மாமா.

"நீங்க ஓடுவீங்க. டயர் ஓடணுமே."

புது மிஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அக்கா எடுத்தாள். மாமா வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். மறுநாள் கடையில் காற்றுப் பிடித்துக்கொள்ளலாம் என்றார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அவர் மன்றாட மன்றாட அக்காவுக்குப் பிடிவாதம் கூடியது. தனக்கென்று செலவு செய்ய மனசு வராத மனுஷன் என்று அவளுக்குப் பெருமை வேறு. மறுநாள் காலை மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு டயர் கடைக்குப் போனோம். நான் எதற்கு என்றால், பேரம் பேச. என் வாய் அதற்காவது பயன்படட்டும் என்று கூட்டிப்போனார்கள்.

டயர்க்காரர் வயதானவர், காதில் பேனா செருகியிருந்தார். முன்னால் அடுக்கியிருந்ததில் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயரைத்தான் நான் கை காட்டினேன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது.

"அது மலை, சேறு, கல்லு ரோட்டுக்கும்மா. தார் ரோட்டுல போட்டா தெருவையே எழுப்பும். டீசலையும் குடிக்கும்" என்றார். அடுத்து ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இது பக்கம் தடிமன், லோடுக்குன்னே செஞ்சது. ஆனா காலி வண்டியா ஓட்டினா தூக்கித் தூக்கிப் போடும். அந்தா இருக்கே, அது சாதா ஓட்டத்துக்கு." பிறகு மாமாவைப் பார்த்துக் கேட்டார். "வண்டி தினமும் எங்க ஓடுது? அதச் சொல்லுங்க தம்பி, எந்த டயருன்னு நான் சொல்றேன்."

மாமா வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முந்திக்கொண்டாள்.

"காலையில போனா பொழுது சாயத்தாங்க வருவாரு. பூரா லோடுதான். கட்டிலு, பீரோ, எல்லாம் கல்லு கனம். மனுஷனுக்கு ஒரு நாள் ஓய்வு கிடையாது."

டயர்க்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து ஒவ்வொரு டயராகத் தடவினார். மாமா அவர் பின்னாலேயே போய், "எதையாவது போடுங்கண்ணே, நேரமாச்சு" என்றார். அவரோ தொழில்காரர், கேட்பாரா. வரிகளுக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்த்தார்.

"இது லோடு அடிச்ச டயர் இல்லியேம்மா. ரோட்டுல படற மேல் பட்டன் தேயாம அப்படியே இருக்கு. வெடிப்பு இடது பக்கந்தான் ஜாஸ்தி. ஒரே இடத்துல நிறுத்தி வெச்சு, ஒரே பக்கம் வெயில் அடிச்சிருக்கு. ஓடித் தேஞ்சதில்ல இது. நின்னு போனது."

அக்கா சிரித்தாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அவரு நிக்கவே மாட்டாரே" என்று சொல்லிக்கொண்டே மாமாவைப் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கிடங்க மூடிட்டாங்க" என்றார் மாமா.

"எப்போ?"

"போன மழைக்கு முன்னாடி."

எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். டயர்க்காரருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பேனாவைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பச் செருகினார். என்ன செய்வதென்று தெரியாமல், "அப்ப எந்த டயரு போடட்டும்?" என்று கேட்டார்.

"நிக்கிறதுக்குத் தோதா ஏதாவது இருக்கா?" என்றார் மாமா. விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"நிக்கிறதுக்குன்னு யாரும் டயர் செய்யறதில்ல தம்பி."

அக்கா பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள். நாங்களும் ஏறினோம். நான் நடுவில். அவர்கள் இருவருக்கும் இடையில் அப்படி உட்கார்ந்திருப்பதைவிட நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம். மாமா சாவியைத் திருப்பவில்லை.

அக்கா கேட்டாள். "தினமும் சாப்பாடு கட்டிக் குடுத்தேனே, அத எங்க வெச்சு சாப்டீங்க?"

"இங்கதான். வண்டிக்குள்ள."

"அந்த வெயில்லயா?"

"ம். கண்ணாடிய ஏத்திட்டுக் குனிஞ்சுக்குவேன். தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா?"

அக்கா கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீட்டுக்கடியில் குனிந்து, அன்று காலை கட்டிய டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"இனிமே வீட்லயே சாப்பிடுங்க" என்றாள்.

அவள் பாசமாகத்தான் சொன்னாள். கடைக்காரர் முன்னால் அம்பலப்பட்டபோது அழாத மனிதர், அதைக் கேட்டதும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். தனக்குப் போக இனி ஓர் இடமும் இல்லை என்பது அந்தப் பேச்சில்தான் அவருக்கு உறைத்தது. அக்காவுக்கு அது புரியவில்லை. "நான் என்ன சொல்லிட்டேன், நான் என்ன சொல்லிட்டேன்" என்று என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.