கெட்டிமேளம் கண்ணை மறைத்தது

பாட்டைக் கேட்டால் எனக்கு நிறம் தெரியும். ஞானதிருஷ்டி என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் இருந்ததில்லை. நாதஸ்வரம் வாசித்தால் மஞ்சள் நிறத்தில் வளைவு வளைவாக ஓடும். தவில் அடித்தால் செங்கல் நிறத்தில் சதுரம் சதுரமாகக் கொட்டும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று ஐந்தாம் வகுப்புவரை நம்பிக்கொண்டிருந்தேன். "டீச்சர், நீங்க பாடுனா சாம்பலா வருது" என்று சொன்னதற்குக் கிடைத்த அடியோடு வாயை மூடியவன்தான். சேரன்மகாதேவியில் குமாஸ்தாவாகி, கல்யாண மணையில் உட்காரும்வரை திறக்கவில்லை.

பெண் ஆழ்வார்குறிச்சி. பெயர் சுப்ரஜா, கணக்கு டீச்சர். நிச்சயமானபிறகு தினமும் போனில் பேசினோம். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் ஆரம்பித்து, "சரி, சாப்பிட்டாச்சா?" என்று தினமும் முடித்தேன். பெரிய சூரன்! அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கிறுக்கன் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது?

மற்றவர்கள் கல்யாணத்தில் நான் பந்திக்குப் பக்கத்தில்தான் இடம் பிடிப்பேன். அவ்வளவு தூரத்தில் நிறம் லேசாகத்தான் வரும். மாப்பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மேளக்காரர்கள் என் காதருகே உட்கார்ந்திருந்தார்கள். ஐயர், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கையை ஆட்டினார். தாலியை வாங்கினேன். அவ்வளவுதான், கண் முழுக்கச் செங்கல். சுப்ரஜாவும் தெரியவில்லை, அவள் கழுத்தும் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கையை நீட்டினேன். அது, பின்னால் முடிச்சுப் போட நின்ற என் அக்காவின் மூக்குக்கண்ணாடியில் போய் இடித்தது.

"ஏலே, நான் உன் அக்காலே!"

"மேளத்தை நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

கையில் தாலியோடு மாப்பிள்ளை அப்படிக் கத்தினால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேளம் நின்றது. என் அப்பா, "குடியைக் கெடுத்துட்டியேலே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமனார் கார்த்திகேசன் முகம் வெளிறிப்போய், "மாப்ளே, வேற பொண்ணு யாரும்..." என்று இழுத்தார்.

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா. கண்ணு தெரியல."

என் புத்திக்கு அதைவிட நல்ல பதில் சிக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கண் தெரியாதாம் என்று பந்திவரை சேதி போய்விட்டது.

சுப்ரஜா என்னையே பார்த்தாள். "இப்போ தெரியுதா?"

"தெரியுது. மேளம் அடிச்சா மறைக்கு. எனக்குப் பாட்டு, மேளமெல்லாம் நிறமா வரும், சின்னப் பிள்ளையிலிருந்தே. உங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டேன்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். மாமனார் மகளின் தோளைத் தொட்டு, "இப்படி ஒரு கதையை யாரு நம்புவா? எந்திரிம்மா, போவோம்" என்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"பொய் சொல்லுத ஆளா இருந்தா இதைவிட நல்ல பொய்யாச் சொல்லியிருப்பாங்கப்பா" என்றாள்.

மேளம் இல்லாமல் தாலி கட்டக் கூடாதே என்று ஐயர் கையைப் பிசைந்தார். அவள் தவில்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க அடிங்க அண்ணாச்சி."

மேளம் கொட்டியது. மறுபடி ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கைகள் வந்து என் மணிக்கட்டுகளைப் பிடித்து முன்னால் இழுத்தன.

"இங்கன" என்றாள். "பைய."

முதல் முடிச்சைப் போட்டேன்.