ஏரித்தீவில் ஒரு சேனை

பின்லாந்து ஏரியின் நடுவே ஒரு தீவு. தேசியப் பூங்கா. பூங்கா அதிகாரிகளே காட்டுக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்டி, எரித்து, சாம்பலில் விதைப்பது இவர்களின் பாரம்பரியமாம்.

லண்டனிலிருந்து என்னோடு வந்த மச்சான் சிவத்துக்குக் கை பரபரக்கிறது. வன்னியில் இப்படியே காடு எரித்துச் சேனைப் பயிர் செய்தவர். லண்டன் ஈஸ்ட் ஹாமில் சருகு கொளுத்திக் கவுன்சிலிடம் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர்.

"அங்கை வன்னியிலை வன இலாகா எங்களைக் கலைக்கும். இஞ்சை வன இலாகாவே கொளுத்துது!"

ஜீன்ஸை மடித்துக்கொண்டு இறங்குகிறார். காற்றைப் பார்த்து நெருப்பை வளைக்கச் சொல்லி, அதிகாரிகளை யாழ்ப்பாணத் தமிழில் அதட்டுகிறார். அவர்களும் அப்படியே செய்கிறார்கள்.

"இவருக்கு யார் பயிற்சி கொடுத்தது?" என்று அதிகாரிப் பெண் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்கிறாள்.

"எங்கள் வன இலாகா," என்கிறேன்.

மகிழ்ந்துபோய்த் தன் தொப்பியைக் கழற்றிச் சிவத்தின் தலையில் வைக்கிறாள்.

"கெதியாய்ப் படம் எடும் மச்சான், வன்னி வன இலாகாவுக்கு ஒண்டு அனுப்ப வேணும்!"