கூரை கஞ்சிக்குப் பின்னால் போன மதியம்

காலை ஏழு மணிக்குச் சித்தூர் விடுதி வாசலிலிருந்து கார் கிளம்பியது. அன்றைக்கு என் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு ஆள். கலீனா பெத்ரோவ்னா, அறுபதைத் தாண்டிய ரஷ்யப் பெண்மணி. மாம்பழக்கூழ் வாங்கும் கம்பெனி ஒன்றின் தரப் பரிசோதகர். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். ஐந்து நாளாகச் சித்தூரைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளில் இருவரும் அலைந்து முடித்தாயிற்று. இரவு சென்னையிலிருந்து அவருக்கு விமானம். அவரை நல்லபடியாக ஏற்றி அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது.

என் தொழிலில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, அதை மறைப்பானேன்? ஒரு மொழியின் மரபுத்தொடரை நான் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவே மாட்டேன். அதற்கு ஈடான தொடரை அடுத்த மொழியிலிருந்து எடுத்து வைப்பேன். ஆலையில் முதல் நாள் பீப்பாய்ச் சீட்டுகள் மாறிக் கிடந்ததைப் பார்த்துக் கலீனா, “காஷா வ் கலவ்யே” என்றார். தலைக்குள் கஞ்சி என்று அர்த்தம். நான் அப்படிச் சொல்லியிருந்தால் மேலாளர் கஞ்சி வாங்க ஆள் அனுப்பியிருப்பார். “மேடம் இஸ் இன் அ மடில்” என்றேன், அதாவது குழம்பிப்போயிருக்கிறார். அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

அதைக் கவனித்த கலீனாவுக்கு ஒரே குஷி. அன்றிலிருந்து காரில் ஏறினாலே இதுதான் விளையாட்டு. அவர் ரஷ்யத் தொடர் ஒன்றைப் போடுவார். அடுத்த ஊர்ப் பலகை வருவதற்குள் நான் ஆங்கிலத்தில் ஈடு சொல்ல வேண்டும். அவருக்குப் பிடித்ததெல்லாம் புத்தி குழம்புவதைப் பற்றிய தொடர்கள். ரஷ்யர்களிடம் அதற்குப் பஞ்சமே இல்லை.

பூதலப்பட்டு தாண்டியதும் ஆரம்பித்தார். “க்ரிஷா பயேகலா.” கூரை நகர்ந்துவிட்டது.

“ஆஃப் ஹிஸ் ராக்கர்” என்றேன். ரஷ்யனுக்குப் பைத்தியம் பிடித்தால் வீட்டுக் கூரை நகர்கிறது. ஆங்கிலேயன் ஆடும் நாற்காலியிலிருந்து விழுகிறான்.

“ஷாரிகி ஸா ரோலிகி.” குண்டுகள் உருளைகளுக்குப் பின்னால் போய்விட்டன. இயந்திரத்துக்குள் எல்லாம் இடம் மாறிவிட்ட கதை.

“லாஸ்ட் ஹிஸ் மார்பிள்ஸ்.” இதில் இரண்டு பேருக்கும் குண்டுதான். ஆங்கிலேயன் மட்டும் கோலிக்குண்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான்.

டிரைவர் முனிரத்தினம் நகரிப் பக்கத்துத் தமிழர். இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். “நம்மூர்ல மரை கழண்டுச்சின்னுவோம் மேடம். ஸ்பேனர் இருந்தா முடுக்கிக்கலாம். கூரையே போய்ட்சின்னா இன்னா பண்றது?”

நான் இதைப் பெயர்த்துச் சொன்னதும் கலீனா முனிரத்தினத்தின் தோளில் தட்டிச் சிரித்தார். பதிலுக்கு முனிரத்தினம் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஐந்து நாளாக அவருடைய உபசாரம் அதுதான். வெயில் ஊரில் வெள்ளைக்கார அம்மா வாடிவிடக் கூடாதென்று ஒரு பாட்டில் காலியாவதற்குள் அடுத்ததைக் கொடுப்பார். கலீனாவும் மறுக்காமல் குடிப்பார். வெயிலில் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அவருடைய ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

ஒன்பதே காலுக்குத் திருப்பதி. சித்தூரிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் ரோட்டை நிறைத்துக்கொண்டு போயின. கலீனா வளையல் வாங்க வேண்டும் என்றார். கடைத் தெருவில் இரண்டு மணி நேரம் நடந்தோம். டஜன் அறுபது ரூபாய்க் கண்ணாடி வளையலுக்கு அவர் பேரம் பேசிய அழகைப் பார்க்க வேண்டுமே! மதியச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம், அதுவும் உப்பில்லாமல். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர், உப்பைத் தொடுவதே இல்லை. “தலை கொஞ்சம் வலிக்கிறது” என்றார். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்குச் சென்னைச் சாலையில் ஏறினோம். வடமாலபேட்டை நெருங்கும்போது, அதுவரை பேசாமல் வந்த கலீனா என்னைப் பார்த்துச் சிரித்து, நிதானமாக ஒன்று சொன்னார்.

“கூரை கஞ்சிக்குப் பின்னால் போயிற்று.”

நானும் சிரித்தேன். வேண்டுமென்றே கலந்து சொல்கிறார், என்னை மடக்கப் பார்க்கிறார் என்று எண்ணம். “இதற்கு ஆங்கிலத்தில் ஈடு கிடையாது, நான் தோற்றேன்” என்றேன். அவர் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. சொன்னது தப்பு என்பதே அவருக்குத் தெரியவில்லை.

“ஷாரிகி...” என்று எடுத்துக் கொடுத்தேன். மீதியைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கலீனா யோசித்தார். “ஷாரிகி... தட்டில்” என்றார். ரஷ்ய மொழியில் தட்டு வருகிற தொடரும் உண்டு. மனசு சரியில்லை என்றால் ‘என் தட்டில் நான் இல்லை’ என்பார்கள். அது வேறு, இது வேறு. காலையில் என் உச்சரிப்பில் குற்றம் கண்டுபிடித்த அதே பெண்மணி, பிறந்ததிலிருந்து நாக்கில் ஊறிய தொடரை முடிக்கத் தெரியாமல் விழிக்கிறார்.

“முனிரத்தினம், வண்டியத் திருப்புங்க. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு.”

“இன்னா மேடம் ஆச்சு? வெயில்ல சுத்திக்கினு இருந்தாங்க, அசந்து பூட்டாங்க. ஏசிய ஏத்தறேன், தூங்கட்டும்.”

“தூங்க விடவே கூடாது. திருப்புங்கன்னா திருப்புங்க!”

இவ்வளவுக்கும் கலீனா, தனக்கு ஒன்றுமில்லை, விமானத்துக்கு நேரமாகிறது என்று புன்னகையோடு சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்புகிறோம் என்று தகவல் அனுப்பியதும் சென்னையிலிருந்து பயண ஏஜென்ட்டின் போன் வேறு. “மேடம், ஃபிளைட்ட விட்டா டிக்கெட் போச்சு. வயசான அம்மா, டயர்டா இருப்பாங்க. ஏர்போர்ட் கூட்டிட்டு வந்துடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

“டிக்கெட் போனா வேற வாங்கலாம் சார். ஆளு போனா எங்க போய் வாங்குவீங்க?” என்று போனை வைத்தேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நீளம்தான். அன்றைக்கு அது உதவியது.

இரண்டரைக்குத் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இளம் டாக்டர், தெலுங்குக்காரர், தமிழும் பேசினார். கலீனாவிடம் பெயர் கேட்டார், சரியாகச் சொன்னார். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். “இந்தியா. அடுப்புக்குள்” என்றார் கலீனா. நான் பெயர்த்துச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார்.

“பாகானே மாட்லாடுறாங்களே மேடம், நல்லாத்தானே பேசறாங்க. ஜோக்கெல்லாம் சொல்றாங்க. வெயில்தான். ஒரு ட்ரிப் போட்டு அனுப்பிடலாமா?”

“டாக்டர், நம்ம ஆளு ஒருத்தர் மரை கழண்டுச்சின்னா, சும்மா சொல்றார்னு விட்டுடலாம். மரை வெந்து போச்சு, சோறு கழண்டுச்சின்னு சிரிக்காம சொன்னா விடுவீங்களா?”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்க.”

இருபது வருஷத் தொழிலில் முதல்முறையாக மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். காலையில் எது எதனோடு சேர்ந்திருந்தது, மதியம் எது எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கலீனாவின் கைப்பையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். சாப்பாடு என்ன, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். வாசலில் நின்ற முனிரத்தினம்தான் பதில் சொன்னார். “காலைலேர்ந்து பத்து பாட்டிலுக்குக் கம்மி இருக்காது சார். வெத்துத் தண்ணிதான்.”

“சரே. ரத்தம் எடுங்க, சோடியம் பாக்கணும். அர்ஜென்ட்” என்று நர்ஸிடம் சொன்னார் டாக்டர்.

நாலு மணிக்கு முடிவு வந்தது. ரத்தத்தில் நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டிய உப்புச் சத்து நூற்றுப் பதினெட்டில் நின்றது. சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றும் கொதிப்பு மாத்திரை ஒரு பக்கம், உப்பில்லாத சாப்பாடு ஒரு பக்கம், அதன்மேல் பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீர். மூளை வீங்கத் தொடங்கியிருந்தது. “ஃபிளைட்ல ஏத்தியிருந்தா மேல போய் ஃபிட்ஸ் வந்திருக்கும் மேடம். நல்ல வேளை” என்றார். வலிப்பு வருமாம். மெதுவாகத்தான் உப்பை ஏற்ற வேண்டும், சில நாள் ஆகும் என்றும் சொன்னார்.

முனிரத்தினம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “நாந்தான் மேடம் குடு குடுன்னு குடுத்துக்கினு இருந்தேன்.” அவரைத் தேற்றுவதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து நம் ஊரில் யார்தான் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள்?

மூன்றாம் நாள் காலை கலீனா தெளிவாக உட்கார்ந்திருந்தார். “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே யாரென்று கேட்டவராம். ஆறு மாதமாகத் தனக்கும் வார்த்தைகள் நழுவுவதைக் கலீனா கவனித்திருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் அடுப்பின் முன் நின்று தொடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாராம். காரில் நாங்கள் ஆடியது எனக்குத்தான் விளையாட்டு. அவருக்கு அது அன்றாடப் பரீட்சை. இந்தப் பயணத்தோடு வேலையை விட்டுவிட்டு வீட்டில் முடங்குவதென்று முடிவு செய்திருந்தார்.

டாக்டர் வந்ததும், “ஆறு மாத மறதிக்கும் காரணம் வெறும் உப்புதானா?” என்று கேட்கச் சொன்னார்.

“மாத்திரை எப்ப ஆரம்பிச்சாங்க?” என்று கேட்டார் டாக்டர். போன குளிர்காலத்தில். “மறதி?” அதற்கப்புறம்தான். “மாத்திரைய மாத்தியாச்சு. ஊருக்குப் போய் மறுபடி டெஸ்ட் பாக்கட்டும். சத்தியம் பண்ண முடியாது. ஆனா எனக்கு இது உப்புதான்னு படுது.”

இதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்தேன். கலீனா வாய்விட்டு அழுதார். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அழுது முடித்ததும் போனைக் கேட்டு வாங்கித் தன் கம்பெனி மேலாளரைக் கூப்பிட்டார். “அடுத்த வருஷம் சித்தூருக்கு வேறு யாரையும் அனுப்பாதே, நான்தான் போவேன்” என்றார்.

ஆறாம் நாள் அவரைச் சென்னையில் விமானம் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து அக்காவின் பெயரைச் சொல்லி, “சாப்டியா?” என்றாள். ஒரு வருஷமாகவே இப்படித்தான். வயசாகிவிட்டது என்று நாங்கள் சிரிப்போம், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

“அம்மா, நீ தினம் போடற மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துட்டு வா. நாளைக்குக் காலைல நம்ம ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறோம்.”