மூன்றாவது சலாம்

பட்டம் முடித்துவிட்டு அரசாங்க வேலைக்காகக் காத்திருந்த காலத்தில் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். என் பெயரும் போடவில்லை, படமும் போடவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு பத்தி எழுதிப் போடுவேன். 'நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள். கையில் ஒரு டோர்ச் இருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?' என்று அது முடியும். வாசிப்பவர்கள் கீழே கட்டளை எழுத வேண்டும். உள்ளே போ, கதவைத் திற, டோர்ச்சை அணை, இப்படி. எந்தக் கட்டளைக்கு லைக் கூடுதலோ அதன்படி மறுநாள் கதையை நகர்த்துவேன். எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளாக நடக்கிற விளையாட்டு அது.

குகைக்கு ஒருத்தரும் வரவில்லை. கிழக்குக் கரைக் கல்முனையில் குகையை யார் கண்டது? எரிச்சலில் குகையை மூடிவிட்டு எங்கள் கடற்கரையை எழுதினேன். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவில்லை. சனம் வந்து குவிந்தது. பாதிப்பேர் கத்தாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போன பொடியன்கள், ஊர் மணலில் கால் வைத்து வருடக்கணக்கானவர்கள். என்னை 'அட்மின் நானா', அதாவது அட்மின் அண்ணன், என்று கூப்பிட்டார்கள். இவ்வளவு பேரை நடத்துகிறவன் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

முதலில் கரைவலைக்காரரின் வாடிக்குப் போகச் சொன்னார்கள். வலையும் கயிறும் போட்டு வைக்கிற ஓலைக் கொட்டில். கடலிலிருந்து ஈரக் கால்தடங்கள் வாடிக்குள் போயிருக்கின்றன, வெளியே வந்த தடம் இல்லை என்று எழுதினேன். எனக்கே நல்லாயிருந்தது. அந்தக் கிழமையே உண்மையான வாடியைக் கடல் கொண்டுபோனது. மாரி மழை நாளில் கடல் அடிப்பது எங்களுக்குப் புதினமில்லை. அடுத்ததாகக் கிணற்றடிக்குப் போனோம். ஆளில்லாத கிணற்றில் யாரோ வாளியால் அள்ளுகிற சத்தம் கேட்கிறது என்று எழுதினேன். சில நாளில் கிணற்றைச் சுற்றியிருந்த மணல் முழுக்கக் கரைந்து, கிணறு மட்டும் அலைக்குள் உருளை மாதிரித் தனியே நின்றது. பிறகு தென்னை வரிசையை எழுதினேன், அதுவும் போனது.

'அட்மின் நானா எழுதுறதெல்லாம் கடலுக்குப் போகுது' என்று கத்தாரிலிருந்து ஒருவர் கொமென்ட் போட்டார். அதற்கு விழுந்த லைக் நான் எழுதிய எதற்கும் விழுந்ததில்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு 'அடுத்தது எது?' என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் விஞ்ஞானம் படித்தவள். தெற்கே கரைக்குக் கல் போட்டார்கள், அதனால் கடல் வடக்கே அரிக்கிறது. என் கதையும் தெற்கிலிருந்து வடக்கே நடக்கிறது. இரண்டும் ஒரே பாதையில் போனால் அதில் என்ன அதிசயம்? வாதம் சரிதான். ஆனாலும் அடுத்த பத்தியை எழுத உட்கார்ந்தபோது விரல் கூசியது.

ஏனென்றால் வடக்கே அடுத்து நின்றது என் சாச்சியின் வீடு.

சாச்சி உம்மாவின் தங்கை. சாச்சா மௌத்தாகி, சாச்சி தனித்துப் பல வருடம். ஒரே மகள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், வீடில்லாதவளைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். கோழி வளர்த்தும் பலகாரம் சுட்டு விற்றும் சாச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்த வீடு அது. அதை நம்பித்தான் கத்தாரில் வேலை செய்கிற மாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். மாரி முடிய நிக்காஹ். மாப்பிள்ளையின் உம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார், வீடு நின்றால்தான் நிக்காஹ் என்று.

பக்கத்தை நடத்துவது நான் என்று தங்கச்சிக்கு, அதாவது சாச்சியின் மகளுக்கு, மட்டும் தெரியும். அவள் சொல்லித்தான் சாச்சி வந்திருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வாசலிலேயே நின்றார்.

"உன்ட வெளையாட்டுக்குள்ள என்ட ஊட்டக் கொண்டு வராத புள்ள."

"அது சும்மா கதை சாச்சி."

"சும்மாவெண்டா உட்டுடன். குசினிக்குப் பின்னால தண்ணி நிக்கிது. மாப்பிள்ள ஊட்டாக்களும் அதத்தான் பாத்துக்கிட்டு இரிக்காங்களாம்."

அன்றே 'விளையாட்டு முடிந்தது' என்று போட்டேன். அது முடியவில்லை. 'நாங்க வடக்கே நடக்குறம்' என்று ஒருவர் கீழே எழுதினார். இன்னொருவர் தொடர்ந்தார்: 'பச்சை கேற். ஈரப்பலா மரம். கடல் பக்கம் ஒரு கதவு.' சாச்சி வீட்டு கேற் பச்சைதான். ஈரப்பலா மரமும் உண்டு. நான் ஒரு நாளும் அதை எழுதியதில்லை. எழுதியவர் எங்கோ பாலைவனத்தில் இருக்கிறார். சின்னதில் அந்த வழியாகப் பந்தடிக்கப் போயிருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். பக்கத்தை அழித்தால் அதே பெயரில் இன்னொன்று தொடங்கவும் ஆள் தயாராக நின்றது. நான் எழுதாவிட்டால் அவர்களே எழுதுவார்கள். 'கடல் பக்கக் கதவால உள்ள போ' என்ற கட்டளைக்கு லைக் ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பயமாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உடனே எடுத்துத் திரும்பவும் பார்த்தேன்.

அப்போதுதான் யாரோ ஒருவர் கேட்டார்: 'ஊடெண்டா சலாம் சொல்லிட்டுத்தானே போகணும்?'

வாடிக்கும் கிணற்றுக்கும் ஒருத்தரும் சலாம் சொல்லவில்லை. வீடு என்றால் வேறு. பேய்க்கதைக்குள் நடந்தாலும் நம்மாக்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகாது. பார்த்துக்கொண்டிருக்க 'சலாம் சொல்' என்பது முன்னுக்கு வந்துவிட்டது. எனக்கு வழி கிடைத்துவிட்டது. மூன்று முறை சலாம் சொல்லியும் பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். குர்ஆன் மத்ரஸாவில் சின்னதில் படித்தது, இந்தக் கரையில் அது தெரியாத ஆள் இல்லை. எந்த அட்மினாலும் மாற்ற முடியாத சட்டம்.

முதல் நாள் எழுதினேன்: 'கடல் பக்கக் கதவடியில் நின்று சலாம் சொல்கிறீர்கள். பதில் இல்லை.' மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், யாரும் கதவை உடைக்கச் சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு வரி கூட்டினேன்: 'உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வீட்டில் சலாமுக்குப் பதில் சொல்வதில்லை.' திரும்பிப் போ, திரும்பிப் போ என்று கொமென்ட் நிறைந்தது. அவர்களை மேற்கே திருப்பி, மெயின் றோட்டுக்கு ஏற்றி, பஸ் நிலையத்துக் கடையில் ஆளுக்கொரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துக் கதையை முடித்தேன். பிறகு பக்கத்தையும் அழித்தேன்.

அடுத்த நாள் சாச்சி வீட்டுக்கு ஓடினேன். கடல் குசினிப் படி வரை வந்து, படியை மட்டும் தின்றுவிட்டு நின்றிருந்தது. கடல் பக்கக் கதவைத் திறந்தால் நேரே கீழே பள்ளமும் அலையும்தான். சந்தோசத்தில் சாச்சியின் கையைப் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"புள்ள, மூணு நாளா பொழுதுபட மஃரிபு நேரம் ஆரோ சலாம் சொல்றாங்க."

"எங்க?"

சாச்சி கடல் பக்கக் கதவைக் காட்டினார். "முதல் நாள் இவள் பதில் சொல்லப் போனாள். நான் இவள்ட வாயப் பொத்திட்டன். அவடத்த நிக்கிறதுக்கு நிலமில்ல புள்ள. ஆர் நிண்டு சொல்ற?"

தங்கச்சியைப் பார்த்தேன். அவள் பக்கத்தை வாசித்துச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் என்னிடம் வந்துபோன அன்றே சாச்சி அவளுடைய போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். சாச்சியிடம் வேறு போன் கிடையாது. "பதில் சொல்லாம இருந்தது பாவமோ தெரியா" என்று மட்டும் சாச்சி திரும்பத் திரும்பச் சொன்னார். என் விஞ்ஞானத்தில் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மாரி முடிந்தது. நிக்காஹ் நடந்தது. வழக்கப்படி வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு சாச்சி வளவின் ஓரத்தில் ஒரு சின்ன அறைக்கு ஒதுங்கிக்கொண்டார். லீவு முடிந்து மாப்பிள்ளை கத்தாருக்குப் போனார். வீடு இன்றைக்கும் நிற்கிறது.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். றோட்டுப் பக்க வாசலில் நின்று சலாம் சொன்னேன். உள்ளே தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் கேட்டதும் அது நின்றது. பதில் வரவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். திரைச்சீலைக்குப் பின்னால் ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. மூன்றாம் முறை என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஒன்றுமில்லை.

கேற் வரை திரும்பி நடந்தபோது போன் அடித்தது, தங்கச்சி.

"ராத்தா, வாசல்ல நிண்டது நீங்களா?"

"ஓம். கேட்டுக்கிட்டா இருந்த?"

"கோவிச்சிக்காதீங்க. இனி வரக்குள்ள கோல் எடுத்துட்டு வாங்க. இந்த ஊட்டுல சலாத்துக்குப் பதில் சொல்ற இல்ல."

அவளுடைய போன் பூட்டிக் கிடந்தபோது நான் எழுதி அழித்த அந்த வரியை அவள் வாசித்ததே இல்லை. "நில்லுங்க, கதவத் திறக்கிறன்" என்றாள். நான் நிற்கவில்லை. மூன்று முறை சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு திரும்பிப் போவதைத் தவிர வேறெந்த வழியையும் நான் எழுதி வைக்கவில்லை.