மாது வண்டியின் ஸ்டீயரிங் ஜாயின்ட்

மாது வண்டியோட்டும்போது தூங்கிவிட்டார் என்றுதான் மாரண்டஹள்ளியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தக்காளி ஏற்றிப் போன அவருடைய பழைய பிக்கப் வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் புளியமரத்தில் மோதியிருந்தது. அவர் மனைவி பானுமதிக்கு அந்தப் பேச்சு ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது. தூக்கத்திலேயே போனவருக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று சொல்லிச் சொல்லித்தான் அவளும் மாமியாரும் நாளைத் தள்ளினார்கள்.

தோட்டத்துக் காயைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று வண்டியை மெக்கானிக் முதசிரின் பட்டறையில் விட்டாள். ஸ்டீயரிங் தண்டைக் கழற்றிய முதசிர், அதைச் சக்கரத்துப் பக்கம் இணைக்கும் ஜாயின்டிலிருந்து இரண்டாகக் கிழிந்த ரப்பர் வில்லையை எடுத்தார்.

"யாரு அக்கா இந்த வேலை பார்த்தது?"

"அவருதான் பாய். சீசன்ல வண்டி நிக்கக்கூடாதுன்னு பழைய டயர அறுத்துப் போட்டுக்கிட்டாரு."

"பெரிய இன்ஜினியருதான்! பாருங்க, கிழிசல் ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு. மோதினதுல கிழிஞ்சிருந்தா இப்படி இருக்காது. மனுசன் தூங்கலக்கா. அவரு ஸ்டீயரிங்க ஒடிச்சுத் திருப்பியிருக்காரு, சக்கரந்தான் திரும்பல. இனிமே தூங்கிட்டாருன்னு எவன் பேசுறான்னு பார்க்கறேன்."

நல்ல சேதி சொன்ன முகத்தோடு புது ஜாயின்டை மாட்டி போல்ட்டை முறுக்கினார்.

"அப்போ மரம் வர்றத பார்த்துக்கிட்டேதான் இருந்தாரா பாய்?"

முதசிரின் கை நின்றது. "ஒரு நொடிதான்கா இருக்கும்."

பானுமதி கிழிந்த ரப்பர் வில்லையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஊர்ல சொல்லிடாதீங்க பாய்," என்றாள். "தூங்கிட்டாருன்னே இருக்கட்டும். எங்க அத்தைக்கு இது தெரிய வேணாம்."